மெய்யெழுத்தில் மிஞ்சிய கேள்வி

சிவப்பு விளக்கில் கார் நின்றதும் விஜிதா அக்கா இடது கையைத் தூக்கிப் புறங்கையை வாய்க்கு முன்னால் பிடிப்பார். தொடமாட்டார், ஒரு விரல் இடைவெளி இருக்கும். வலது கை கியரிலேயே கிடக்கும். பிறகு ஒரே சொற்களை இரண்டு முறை சொல்வார். "இம்மர் நொஹ்." சற்று நிறுத்தி, மறுபடியும், "இம்மர் நொஹ்." முதல் முறை கடைசி மூச்சு தடித்து, அடங்கி, கையிலேயே முடியும். இரண்டாவது முறை அது மெலிந்து, கூராகி, விரல்களுக்கிடையால் தப்பி முன்கண்ணாடிக்குப் போகும். குளிர் நாட்களில் கண்ணாடியில் ஒரு சின்ன வெள்ளைப் புகை வட்டம் விழும். அக்கா அந்த வட்டத்தைப் பார்ப்பதில்லை. தன் புறங்கையைத்தான் பார்ப்பார். பச்சை விழுந்ததும் கையை இறக்கி, ஒன்றும் நடக்காததுபோல காரை எடுப்பார்.

இம்மர் நொஹ் என்றால் ஜெர்மனில் இன்னமும் என்று பொருள். டென்மார்க்கில் நாங்கள் இருக்கிற பிராண்டேயிலிருந்து வேலைக்குப் போகிற வைலே வரை நெடுஞ்சாலையில் விளக்குகள் இல்லை. இறங்கும் இடத்தில் ஒன்று, அதைத் தாண்டித் தொழிற்பேட்டை முகப்பில் ஒன்று. இரண்டிலும் இது நடக்கும். பச்சை கிடைத்துவிட்டால் அக்காவின் முகத்தில் ஏதோ தவறிப்போன களை.

காரில் பக்கத்து இருக்கை என்னுடையது. டேனிஷ் ஓட்டுநர் பரீட்சையில் இரண்டு முறை விழுந்தவன் நான். அக்காவும் நானும் ஒரே நிறுவனத்தில் வேலை செய்தோம். காற்றாலைகளின் உள்ளே சூட்டைத் தணிக்கிற பம்புகளையும் அவற்றின் உதிரிப்பாகங்களையும் விற்கிற இடம். நான் கீழே லாகரில், களஞ்சியத்துச் சாமான் அடுக்குகளுக்கு நடுவில். அக்கா மேல்மாடியில், ஜன்னலோரக் கதிரையில், ஜெர்மன் தொலைபேசியில்.

அந்தக் கதிரை அக்காவுக்கு என்னவாக இருந்தது என்பதைச் சொல்லவேண்டும்.

அக்கா பிறந்தது மன்னாரில். பன்னிரண்டு வயதில் ஒரு மாமாவோடு ஜெர்மனிக்கு அனுப்பப்பட்டார். பிரேமனில் பள்ளிக்கூடம், தோழிகள், முதல் வேலை எல்லாம் ஜெர்மனில்தான் நடந்தன. இருபத்துமூன்று வயதில் அந்தோனிதாசன் அண்ணையைக் கட்டிக்கொண்டு பிராண்டேக்கு வந்தார். அவரைத் தாசன் அண்ணை என்றுதான் எல்லோரும் சொல்வது. காற்றாலை இறக்கைகளைத் தேய்த்து மெருகிடுகிற வேலை. பிள்ளைகள் இல்லை. பிராண்டேயில் அக்காவின் ஜெர்மனுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. டேனிஷ் வகுப்பில் ஆசிரியர் அவரை "நீ ஜெர்மன்காரி மாதிரிக் கதைக்கிறாய்" என்று சொன்னாராம். வகுப்பில் சிரித்தார்களாம். அக்கா அதை எனக்குச் சொன்னபோது சிரிக்கவில்லை.

பொதி கட்டுகிற பெண்ணாகத்தான் நிறுவனத்தில் சேர்ந்தார். ஒருநாள் மேலே ஜெர்மன் தெரிந்தவர் வரவில்லை. ஜெர்மனியில் ஃபிளென்ஸ்போர்க் பக்கத்திலிருந்து ஒருவன் தொலைபேசியில் கத்திக்கொண்டிருந்தான். யாரோ கீழே வந்து விஜிதாவைக் கூப்பிட்டார்கள். அன்றைக்கு ஏறிய படியை அவர் திரும்ப இறங்கவில்லை. பன்னிரண்டிலிருந்து இருபத்துமூன்று வரை வாழ்ந்த ஒரு பெண்பிள்ளை அந்தக் கதிரையில் மட்டும்தான் உயிரோடு இருந்தாள் என்று நான் நினைக்கிறேன். அக்கா அப்படியெல்லாம் சொல்லமாட்டார். "ஜன்னல் இருக்கு, வெளிச்சம் வரும்" என்பார்.

போன வருடம் தைராய்டில் கட்டி என்று அறுவைச் சிகிச்சை செய்தார்கள். குரலுக்குப் போகிற நரம்பு பக்கத்தில்தான் ஓடுகிறது, பாதிக்கப்படலாம் என்று முன்பே சொல்லித்தான் செய்தார்கள். கட்டி ஆபத்தில்லாதது. ஆனால் ஒரு குரல்நாண் அசையாமல் போயிற்று. நரம்பு தானாகத் திரும்பி வரலாம், ஒரு வருடம் பார்ப்போம் என்றார்கள். குரல் என்று வந்தது காற்றுத்தான். காற்றுக்குள் ஒரு மெல்லிய நூல்; அதுவும் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

தேவாலயத்துத் தமிழ்ப் பூசையில் வேத வாசகம் வாசிப்பவர் அக்கா. அதற்குப் பிறகு வேறொருவர் வாசித்தார். பூசை முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது ஒருவரும் அக்காவிடம் ஒன்றும் கேட்கவில்லை. எல்லோரும் அதைப் புற்றுநோய் என்று முடிவெடுத்திருந்தார்கள். எங்களுடைய ஆட்கள் அந்த நோயைப் பற்றிக் கேள்வி கேட்பதில்லை. "இப்ப நல்லாத் தெளிஞ்சிட்டீங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கொண்டுவந்து வைத்தார்கள். அக்கா மறுத்துச் சொல்லப் பார்த்தார். அந்தக் காற்று மண்டபத்துச் சத்தத்தில் ஒரு அடி தூரமும் போகவில்லை. பிறகு விட்டுவிட்டார். பாத்திரங்களைக் கழுவித் திருப்பிக் கொடுத்தார்.

வேலைக்குத் திரும்பிய முதல் கிழமையே பிரச்சினை வெளியில் வந்தது. மேல்மாடிக்குப் பொறுப்பாக இருந்தவர் நிக்கலஸ், முப்பத்தைந்து வயதிருக்கும், எல்லாவற்றையும் மெதுவாகச் சொல்கிற மனிதர். அக்காவின் ஜெர்மனில் குறை இல்லை, ஆனால் அந்தப் பக்கத்துக்காரர்கள் பதில் சொல்லாமல் காத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார். காரணம் அக்காவுக்குத் தெரிந்திருந்தது. காரில் எனக்கு விளக்கினார். முழு வசனமாகக் கேட்டால் சொற்களின் ஒழுங்கைப் பார்த்தே கேள்வி என்று தெரியும். ஆனால் காற்றாலைக் கோபுரத்துக்குள் நின்று, ஒரு கையில் தொலைபேசியும் மறு கையில் ஸ்பானருமாகக் கதைக்கிறவனிடம் முழு வசனம் ஒருவரும் பேசுவதில்லை. 'இன்னமும்?' 'இடது பக்கம்?' என்று இரண்டு சொல். குரல் மேலே போனால் கேள்வி. போகாவிட்டால் செய்தி.

"எங்கட தமிழ் எவ்வளவு சுகம்" என்றார் அக்கா. "ஒரு ஆ, ஒரு ஓ. குரல் செத்தாலும் வாயைத் திறந்தாக் கேள்வி."

"அப்ப ஜெர்மன்காரருக்கும் ஆ போட்டுப் பாருங்கோ அக்கா."

"போட்டா, பிரசவ நோ எண்டு நினைச்சு அம்புலன்ஸ் அனுப்புவாங்கள்."

இலையுதிர் விடுமுறை வரைக்கும் பார்க்கலாம் என்றார் நிக்கலஸ். காலையில் இரண்டு மணிநேரம் அக்கா அழைப்புகளை எடுப்பார். நிக்கலஸ் இன்னொரு ஹெட்செட்டில் கூடவே கேட்பார். சரிவந்தால் கதிரை அக்காவுக்கு. சரிவராவிட்டால் கீழே லாகரில் இடம் இருக்கிறது, சம்பளம் மாறாது. நல்ல மனதோடு சொன்னதுதான். அக்கா தலையாட்டினார். அன்று வீடு போகும் வழியில் சம்பளம் மாறாது என்றதைத்தான் இரண்டு முறை சொன்னார், தனக்குத்தானே.

பேச்சுப் பயிற்சிக்கு வாரம் ஒருமுறை எமிலியா என்கிற பெண்ணிடம் போனார். முதலில் மூச்சுப் பயிற்சி, கழுத்துப் பயிற்சி. அக்கா ஜெர்மன் தொலைபேசியைப் பற்றிச் சொன்னதும் எமிலியா அடுத்த கிழமை மடிக்கணினியில் எதையோ வைத்துக்கொண்டு காத்திருந்தாராம். ஒரு ஜெர்மன் பெண் ஒரே சொல்லைக் கேள்வியாகவும் செய்தியாகவும் சொன்ன பதிவு. எமிலியா சொல்லை முழுதாகப் போடவில்லை. கடைசி மெய்யெழுத்தை மட்டும் வெட்டிப் போட்டார். இரண்டு மூச்சுச் சத்தங்கள், அவ்வளவுதான். எது கேள்வி என்று கேட்டார். அக்கா யோசிக்காமல் இரண்டாவது என்றார். சரி. இன்னொரு சோடி. அதுவும் சரி.

குரலின் ஏற்ற இறக்கம் உயிரெழுத்தில்தான் ஓடும், ட், ஸ், ஷ் போன்ற ஒலிகளில் குரல்நாண் அதிர்வதே இல்லை, அங்கே அந்தக் கோடு அறுந்துபோகிறது என்றுதான் பலகாலம் நினைத்தார்களாம். இப்போது அளந்து பார்க்கிறவர்கள் வேறு சொல்கிறார்கள். கேள்வியில் முடிகிற வசனத்தின் கடைசி ஷ் கூராக வருகிறது, செய்தியில் முடிவது மந்தமாக வருகிறது. ஜெர்மன் பேசுகிறவர்கள் தெரியாமலே இதைச் செய்கிறார்கள். கேட்கிறவர்களும் தெரியாமலே அதில் குரலின் உயரத்தைக் கேட்கிறார்கள். குரல் ஓய்ந்த பிறகும் கேள்வி கொஞ்சம் மிச்சமிருக்கிறது. எமிலியா ஒன்றுக்கும் உறுதி சொல்லவில்லை. உங்களுக்கு அந்த மிச்சம் போதுமா என்று தெரியாது, முயற்சி செய்து பார்க்கலாம் என்றாராம்.

அதிலிருந்துதான் புறங்கை வந்தது.

முதல் நாட்களில் 'ஆலஸ் அவுஸ்' என்று சொல்லிப் பழகினார். எல்லாம் நிறுத்தியாச்சா என்று கேட்கிறதுக்கு அதுதான். காரில் எனக்கு நன்றாகவே கேட்டது. ஜெர்மனில் ஒரு சொல்லும் தெரியாத நானே எது கேள்வி என்று சொன்னேன். அக்காவுக்கு அது பிடித்தது. மதிய இடைவேளையில் மேலேயிருந்து லாகரின் உள்தொலைபேசிக்கு எடுத்தார்.

"சொல்லு. எது கேள்வி?"

"ரெண்டும் ஒண்டு மாதிரித்தான் கேக்குது அக்கா."

"சரியாக் கேள் தம்பி."

இன்னும் மூன்று முறை. எனக்குத் தெரியவில்லை. அக்கா பொய்ச் சமாதானம் கேட்கிற ஆள் இல்லை, தொலைபேசியை வைத்துவிட்டார். பிறகு எமிலியா சொன்னாராம், தொலைபேசி மிக உயர்ந்த சுருதியிலுள்ள ஒலிகளை வெட்டிவிடும், ஸ் என்பதன் கூர் அந்த வெட்டுக்கு அப்பால்தான் இருக்கிறது என்று. தொண்டைப் பக்கம் உரசி வருகிற ஹ், நாக்கை அகலப் பிடித்துச் சொல்கிற ஷ், வெடித்து மூச்சு விடுகிற ட் ஆகியவை தப்பிப் பிழைக்கும்.

அக்கா தன் கேள்விகளின் வாலை மாற்றினார். ஸ் என்று முடிகிறவற்றை ஒதுக்கினார். அ, இ என்று முடிகிறவற்றையும் ஒதுக்கினார், அவற்றுக்குப் பின்னால் மூச்சு விட இடமில்லை. எந்தக் கேள்வியையும் ஹ், ஷ், ட் என்று முடிகிற ஒரு சொல்லில் கொண்டுபோய் நிறுத்தப் பழகினார். இன்னமும், கூட, இல்லை, புதிது, சூடு என்பவற்றுக்கெல்லாம் ஜெர்மனில் அப்படிப்பட்ட சொற்கள் இருந்தன. இம்மர் நொஹ் அதில் முதலாவது. மறுபடி உள்தொலைபேசி.

"எது?"

"ரெண்டாவது."

"எப்பிடித் தெரியும்?"

"தெரியேல்லை அக்கா. கடைசியில தேத்தண்ணிக் கேத்தில் கொதிக்கத் தொடங்கின மாதிரி ஒண்டு."

அந்தப் பக்கம் காற்று கொஞ்சம் அசைந்தது. சிரிப்பாக இருக்கவேண்டும். "இவ்வளவு பாடுபட்டு, கடைசியில கேத்தில்."

ஒருநாள் சிவப்பு விளக்கில் என் மடியில் கிடந்த கவிதைப் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தார். நிறுத்தக்குறி ஒன்றும் இல்லாத பக்கம்.

"இது கேக்கிறதோ, சொல்லுறதோ?"

"ரெண்டும்தான் அக்கா."

"அப்ப போனில எடுபடாது" என்று புத்தகத்தை மடியில் வைத்துவிட்டுக் கையை வாய்க்கு முன்னால் கொண்டுபோனார்.

ஜூலியன் என்று ஒருவன் ஃபிளென்ஸ்போர்க்கிலிருந்து அடிக்கடி எடுப்பான். அக்காவின் பழைய குரல் தெரிந்தவன். சோதனை நாட்களில் அவன் எடுத்தபோது நான் பாகங்களின் பெட்டியோடு மேலே நின்றேன், அழைப்பு ஒலிபெருக்கியிலும் போயிற்று.

"என்ன விஜிதா, கோயிலுக்குள்ள நிண்டு கதைக்கிற மாதிரி இருக்கு" என்று ஜெர்மனில் சொன்னானாம். அக்கா பிறகுதான் எனக்கு மொழிபெயர்த்தார்.

பம்ப் சத்தம் போடுகிறது என்றான். அக்கா சொன்னார், "இம்மர் நொஹ்." கடைசியில் அந்தக் கேத்தில். அவன் உடனே ஓம், இன்னமும்தான், காலையிலிருந்து, என்று கொட்டத் தொடங்கினான். அக்கா எழுதிக்கொண்டார். நிக்கலஸ் ஹெட்செட்டைக் காதிலிருந்து எடுக்காமலே என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். அக்காவின் இடது கை மேசைக்குக் கீழே, துடையில், மலர்ந்து கிடந்தது.

அந்தக் கிழமை அக்கா காரில் வானொலியைப் போட்டார். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அது முதல் தடவை.

விடுமுறைக்கு முன்னைய வெள்ளிக்கிழமை நிக்கலஸ் அக்காவைச் சின்ன அறைக்குக் கூப்பிட்டார். கதவு சாத்தியிருந்தது, கண்ணாடிக் கதவு, ஆனாலும் ஒன்றும் கேட்கவில்லை. அக்கா வெளியில் வந்து, தன் மேசையிலிருந்த கோப்பையையும் கம்பளிச் சட்டையையும் எடுத்துக்கொண்டு கீழே வந்தார். "எங்க நிக்கோணும்?" என்று என்னிடம் கேட்டார். நான் பொதி மேசையைக் காட்டினேன்.  பெட்டி மடித்தார். ஒட்டுப் பட்டியைச் சத்தமாக இழுத்து ஒட்டினார். பழைய கை, மறக்கவில்லை.

வீட்டுக்குப் போகிற வழியில் இரண்டு விளக்கும் பச்சை.

நான் தோல்வி என்று நினைத்தேன். எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து கதிரைகளை அடுக்கும்போது தாசன் அண்ணை என்னை ஒரு பக்கம் இழுத்தார்.

"தம்பி சிந்துஜன், அங்க லாகரில அவவைக் கொஞ்சம் பாத்துக்கொள்ளும். பாரமெல்லாம் தூக்க விடாதையும்."

"அவ என்னை விடக் கெதியாக் கட்டுறா அண்ணை."

"அது நல்லம்." சுற்றிப் பார்த்தார். "அவவைக் கீழ விடச் சொல்லி நான்தான் போய் நிக்கலஸோட கதைச்சனான். ஒரு தட்டு ரோல்ஸும் கொண்டு போனனான். வெறுங்கையோட போகேலுமோ."

நான் கையிலிருந்த கதிரையைக் கீழே வைத்தேன்.

"அங்க ஜெர்மன்காரனுக்கு இருக்கிற காத்து முழுக்கக் குடுத்திட்டு வாறா, தம்பி. வீட்டில ஒரு சொல் இல்லை. நான் டிவிக்காரனோட கதைக்கிறன். நீர் சிரியும். ராத்திரியில ஏதோ சொல்லுறா எண்டு எழும்பிப் பாத்தா, கனவில ஜெர்மன். எனக்கு அதிலயும் ஒரு மண்ணும் விளங்காது." கதிரையை மடித்தார். "மிச்சம் இருக்கிறது கொஞ்சம். அது வீட்டுக்கு வரட்டும் எண்டு யோசிச்சன்."

"அக்காவுக்குத் தெரியுமோ?"

"உமக்கு விசரே. தெரிஞ்சா என்னை உயிரோட வைப்பாவோ. வாயைத் திறந்துபோடாதையும்."

எங்கள் ஆட்களிடம் இது புதிதல்ல. மனைவிக்கு முடியாத கதையைக் கணவன் போய்க் கதைப்பது, பெரியவரிடம் ஒரு தட்டோடு போவது, அதைச் சம்பந்தப்பட்டவருக்குச் சொல்லாமல் விடுவது. அன்பு என்றுதான் அதற்குப் பெயர். டேனிஷ்காரர் ஒருவர் அதைக் கேட்டு என்ன செய்வார் என்று தாசன் அண்ணை யோசித்திருக்கமாட்டார். நானும் யோசிக்கவில்லை.

குளிர்காலம் வந்தது. அக்கா பொதி மேசையில் நின்றார். லாகரில் பேச அதிகம் இல்லை; விரல் காட்டினால் போதும். தாசன் அண்ணையை அவ்வப்போது கண்டால், "நேத்து ரசத்துக்கு உப்புக் காணாது எண்டு சொன்னவ" என்று பெருமையாகச் சொல்வார். இன்னொருநாள், "போர்வையை இழுக்காதேங்கோ எண்டவ." ஒவ்வொன்றாகச் சேர்த்து வைக்கிறவர்போல.

காரில் சிவப்பு விளக்கு விழுந்தால் புறங்கை எழும்பியது. தொலைபேசி இல்லை, ஜூலியன் இல்லை. இருந்தாலும் இரண்டு முறையும் சரியாகவே வந்தது. முதலாவது மந்தம், இரண்டாவது கூர். கண்ணாடியில் வெள்ளை வட்டம். பாவம், காரணம் தெரியாமல் பழகிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்து நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். வெளியே வயல்கள், அவற்றின் மேல் காற்றாலைகள், சிலது சுற்றும், சிலது நிற்கும்.

மாசியில் நிக்கலஸுக்கு ஓகுஸ் நகரத்தில் வேறு வேலை கிடைத்தது. கடைசி நாள் கேக் வெட்டினார்கள். அக்கா அன்று எமிலியாவிடம் போயிருந்தார். நிக்கலஸின் பெட்டிகளை நான்தான் கார் வரை தூக்கிக்கொண்டு போனேன். பின்கதவைச் சாத்திவிட்டு, விஜிதாவைப் பார்க்காமல் போகிறேன், அவரைப் போல அந்தத் தொலைபேசியில் இனி ஒருவர் கிடைப்பது கஷ்டம் என்றார்.

சோதனையில் அவர் தோற்றுப்போனார் அல்லவா என்றேன்.

இல்லையே என்றார் நிக்கலஸ். எல்லா அழைப்பும் சரியாகத்தான் போயிற்று. கதிரை உங்களுடையது என்றுதான் அன்றைக்கு அவரிடம் சொன்னேன். கணவர் வந்து போனதையும் சொன்னேன், என்ன கேட்டார் என்பதையும் சொன்னேன். ஒருவருடைய வேலையைப் பற்றி அவருக்குத் தெரியாமல் நான் எப்படி முடிவெடுப்பது, தீர்மானம் உங்களுடையது என்றேன். விஜிதா ஜன்னல் பக்கம் திரும்பினார். பிறகு ஒரே ஒரு சொல் கேட்டார். டேனிஷ் வரவில்லை போலிருக்கிறது, ஜெர்மனில் கேட்டார். "கெவைன்ட்?" கணவர் அழுதாரா என்று. என்னுடையது பள்ளிக்கூட ஜெர்மன்தான், அவருடைய குரலும் அசையவில்லை, ஆனால் கடைசி ட் காதில் பட்ட விதத்தில் அது கேள்வி என்று தெரிந்தது. ஆம், நீங்கள் இப்போது இருக்கிற இந்தக் கதிரையில் இருந்து அழுதார் என்று சொன்னேன். அதற்குப் பிறகுதான் அவர் எழும்பிப் போய்க் கோப்பையை எடுத்தார்.